டி. எஸ். பாலையா: நகைச்சுவைப் படங்களின் குணச்சித்திர நடிகர்

டி. எஸ். பாலையா (23 ஆகஸ்ட் 1914 – 22 ஜூலை 1972) தமிழ்த் திரைப்படங்களில் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நடித்த குணச்சித்திர நடிகர். வில்லனாக அறிமுகமானவர். பிற்காலத்தில் நகைச்சுவைப் படங்களில் பணக்காரத் தந்தையாகவும் குடும்பத் தலைவராகவும் வந்து மக்கள் மனத்தில் நிலைத்தவர். காதலிக்க நேரமில்லை (1964), திருவிளையாடல் (1965), பாமா விஜயம் (1967), ஊட்டி வரை உறவு (1967), தில்லானா மோகனாம்பாள் (1968) ஆகிய ஐந்து படங்களும் ஐந்தே ஆண்டுகளுக்குள் வெளிவந்தவை. இவற்றுள் எந்த ஒன்றிலிருந்தும் பாலையாவை எடுத்துவிட்டால் அந்தப் படம் நொண்டும்.

ஆயினும் தமிழ்ச் சினிமாவின் நகைச்சுவையைப் பற்றிப் பேசுபவர்கள் என். எஸ். கிருஷ்ணன், தங்கவேலு, சந்திரபாபு, நாகேஷ் என்று விரல்விட்டு எண்ணும்போது, விரல் பாலையாவிடம் வந்து நிற்பதில்லை. அது ஒரு வகையில் சரிதான்; அவர் நகைச்சுவை நடிகர் அல்லர். ஆனால் அவர் இருந்த காட்சிகளில் சிரிப்பு பிறந்தது. நகைச்சுவை நடிகராக இல்லாமலே சிரிக்க வைத்தது எப்படி என்பதை அவருடைய படங்களைக் கொண்டே இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

பிறப்பும் நாடகப் பின்னணியும்

பாலையா பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் திருவைகுண்டம் பகுதியைச் சேர்ந்த சுண்டன்கோட்டை என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. பெயரின் முன்னெழுத்துகளில் முதலாவது திருநெல்வேலியையும், இரண்டாவது தந்தையின் பெயரான சுப்பிரமணியத்தையும் குறிக்கும்.

அவர் தலைமுறை நடிகர்களில் பெரும்பாலோரைப் போலவே பாலையாவும் நாடக மேடையிலிருந்து வந்தவர். அந்தக் கால நாடகக் கம்பெனிகளைப் பற்றி இன்றைய மாணவர்கள் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவும் அதைப் போன்ற பிற பாய்ஸ் கம்பெனிகளும் சிறுவர்களைச் சேர்த்து, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடத்திய பள்ளிக்கூடங்கள் என்றே சொல்லலாம். பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச் சண்டை எல்லாம் அங்கே பாடங்கள். ஒலிபெருக்கி இல்லாத மேடையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் வசனம் விளங்க வேண்டும். அதனால் சொல்லை நிறுத்தி, நீட்டி, ஏற்றி இறக்கிப் பேசும் பழக்கம் அந்நடிகர்களுக்கு இரத்தத்தில் ஊறிவிட்டது. பேசும் படம் வந்தபோது பலருக்கு இப்பழக்கமே இடையூறானது. மேடையில் எடுபட்ட குரல் மைக்கின் முன் கூச்சலாகக் கேட்டது. பாலையா அந்த ஏற்ற இறக்கத்தைக் கைவிடவில்லை. அளவைக் குறைத்து, பாத்திரத்தின் குணமாக மாற்றிக்கொண்டார். ஒரு சொல்லின் நடுவில் குரலைத் திடீரென்று கீழே இறக்கி, கடைசி அசையை இழுத்து விடும் அவருடைய பேச்சு முறையை இன்று கேட்டாலும் அது அவர் என்று தெரிந்துவிடும்.

வில்லனாக நுழைந்தவர்

1936 இல் வெளிவந்த சதிலீலாவதி பாலையாவின் முதல் படம். எஸ். எஸ். வாசன் எழுதி ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை அது. அதன் மூலக்கரு ஆங்கில எழுத்தாளர் எலன் உட் எழுதிய மதுவிலக்கு நாவல் ஒன்றிலிருந்து வந்தது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. கதாநாயகன் எம். கே. ராதா. எம். ஜி. ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் இந்தப் படத்தில்தான், காவல்துறை அதிகாரியாக ஒரு சிறு வேடத்தில். பாலையாவுக்கு அதைவிடப் பெரிய வேடம். நல்ல குடும்பத்தவனைக் குடிப்பழக்கத்துக்கு இழுத்துச் சென்று கெடுக்கும் நண்பனாக அவர் வந்தார்.

இந்த முதல் வேடத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கத்தியைக் காட்டி மிரட்டும் கொடியவன் அல்லன் அவன். சிரித்துப் பேசி, தோளில் கை போட்டு, கூட்டிக்கொண்டு போய்க் கெடுப்பவன். அத்தகைய வில்லனுக்கு முதலில் பார்ப்பவர்களுடைய நம்பிக்கையைப் பெறும் இனிமை வேண்டும். பின்னால் வந்த பாலையாவின் பல வேடங்களுக்கு விதை இங்கேயே விழுந்துவிட்டது.

மறு ஆண்டு டங்கன் இயக்கிய அம்பிகாபதியில் (1937) எம். கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகன். பாலையா ருத்திரசேனன் என்னும் வில்லன். இளங்கோவன் வசனம் எழுதிய படம் இது. பாகவதரின் பாட்டுக்காக வந்த கூட்டத்தின் முன்னால், பாடாமல் வெறும் பேச்சை வைத்துக்கொண்டே நிலைத்து நிற்பது எளிதன்று. கதாநாயகன் பாடிக்கொண்டிருந்த காலத்தில் வசனத்தால் பெயர் வாங்கியவர்களில் பாலையா ஒருவர்.

எம். ஜி. ஆர். கதாநாயகனாக உயர்ந்த ராஜகுமாரி (1947) படத்திலும் பாலையா உண்டு. அடுத்த ஆண்டு ஜூபிடர் நிறுவனத்தின் மோகினியில் முதன்மை வேடங்களுள் ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஆனால் கதாநாயக வாழ்வு அவருக்கு நீளவில்லை. அதனால் அவருக்கு இழப்பு இருந்திருக்கலாம். தமிழ்ச் சினிமாவுக்கு இலாபமே.

வில்லனுக்குள் இருந்த சிரிப்பு

அறிஞர் அண்ணாவின் கதை வசனத்தில் வந்த வேலைக்காரி (1949) பாலையாவின் வாழ்வில் ஒரு திருப்பம். கே. ஆர். ராமசாமி நடித்த ஆனந்தன், தன் தந்தையைச் சாகடித்த பணக்காரனைப் பழிவாங்க நினைக்கிறான். கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு என்ற போக்கில் அவனை மடைமாற்றி, இறந்துபோன வேறொரு செல்வந்தனைப் போல நடிக்கக் கற்றுக்கொடுத்து, திட்டம் முழுவதையும் வகுத்துத் தருபவன் நண்பன் மணி. அந்த மணிதான் பாலையா. சதிலீலாவதியில் நண்பனைக் கெடுத்த அதே நாவு இங்கே நண்பனை வழிநடத்துகிறது. நீண்ட அரசியல் வசனங்களைப் பிரசங்கமாக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலச் சொல்லியதில் அவருடைய திறமை தெரிகிறது.

ஐம்பதுகளில் வந்த வில்லன் வேடங்களில் சிரிப்பு மெல்ல மெல்ல மேலே வரத் தொடங்கியது. தூக்குத் தூக்கியில் (1954) அவர் வடநாட்டுச் சேட்டாக வந்து கொச்சைத் தமிழ் பேசுவார். அக்காலத்தில் கொட்டகை அதிர்ந்த வேடம் அது. பிறமொழிக்காரர் தமிழ் பேசும் விதத்தைக் கேலி செய்து சிரிக்க வைப்பது இன்று பார்க்கையில் சற்று உறுத்துகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மதுரை வீரனில் (1956) பொம்மியை அடையத் துடிக்கும் நரசப்பனாக வந்தார். எம். ஜி. ஆரின் வாளுக்கு எதிரே நிற்க வேண்டிய வில்லன். ஆனால் அவனுடைய பொறாமையும் கோழைத்தனமும் வெளிப்படும் இடங்களில் அவனை வெறுப்பதற்குப் பதில் சிரிக்கத் தோன்றும்.

பாலையாவின் வில்லன்கள் எல்லாருக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவர்கள் தங்களைப் பெரிய புத்திசாலிகள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள். அந்த எண்ணத்தில் கொடுமை சேர்ந்தால் வில்லன். கொடுமையை எடுத்துவிட்டால் அதே ஆள் நகைச்சுவைப் பாத்திரம். பாலையா ஒரு பாதையை விட்டு இன்னொரு பாதைக்குத் தாவினார் என்று சொல்வதைவிட, தம்மிடம் இருந்த மனிதனிடமிருந்து நஞ்சை எடுத்துவிட்டார் என்று சொல்வது பொருத்தம்.

தனிப்பாதையும் கதைப்பாதையும்

அந்நாளைய தமிழ்ப் படங்களில் நகைச்சுவை பெரும்பாலும் தனிப்பாதையாக ஓடும். என். எஸ். கிருஷ்ணன் தம் குழுவினருடன் தனியாகவே நகைச்சுவைப் பகுதியை எழுதி, படமாக்கி, பிறர் எடுக்கும் படங்களில் சேர்த்துக் கொடுத்த காலம் உண்டு. ஸ்ரீதரின் கல்யாணப் பரிசு (1959) படத்தில் காதலர் பிரிந்து கண்ணீர் விடுவது ஒரு பக்கம். தங்கவேலு எழுத்தாளர் பைரவன் என்று புளுகி மனைவியிடம் மாட்டிக்கொள்வது மறுபக்கம். இரண்டும் ஒரே படத்தில் இருந்தாலும் ஒன்றை ஒன்று அதிகம் தொடுவதில்லை. தங்கவேலுவின் பகுதியை வெட்டித் தனியே எடுத்துப் பார்த்தாலும் முழுமையாக இருக்கும்.

குணச்சித்திர நடிகருக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. கதை அவர் வழியாகத்தான் நடக்க வேண்டும். தந்தை சம்மதித்தால்தான் திருமணம். தந்தை மறுத்தால்தான் கதையே. அவர் கோமாளியாகிவிட்டால் அவருடைய மறுப்புக்கு மதிப்பிராது, கதை விழுந்துவிடும். கண்டிப்பாகவே இருந்துவிட்டாலோ சிரிப்பு விழுந்துவிடும். ஹாலிவுட்டிலும் இத்தகைய நடிகர்கள் இருந்தனர். யூஜின் பாலெட் என்பவர் மௌனப் பட காலத்தில் தொடங்கி, 1930களில் பேசும் நகைச்சுவைப் படங்களில் பணக்காரத் தந்தையாகப் புகழ்பெற்றார். சதிலீலாவதி வெளிவந்த அதே 1936 இல் வந்த மை மேன் காட்ஃப்ரே படத்தில், பைத்தியக்காரக் குடும்பத்தின் நடுவில் தவிக்கும் குடும்பத் தலைவர் அவர். அங்கேயும் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் வருவது வேறு பெயர்கள்தான்.

காதலிக்க நேரமில்லை

27 பிப்ரவரி 1964 அன்று வெளிவந்த காதலிக்க நேரமில்லை, அழுகையும் வில்லனும் இல்லாமல் முழுநீள நகைச்சுவையாக எடுக்கப்பட்ட வண்ணப் படம். ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் சேர்ந்து உருவாக்கிய கதை, ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட், இசை விசுவநாதன் – இராமமூர்த்தி. இதில் சிரிப்புக்கென்று தனிப்பாதை கிடையாது. கதையே சிரிப்பு. ஆகவே கதையைத் தாங்குகிறவரே சிரிப்பையும் தாங்க வேண்டியிருந்தது. எஸ்டேட் முதலாளி விசுவநாதனாக வந்த பாலையாவின் தோளில் அந்தச் சுமை விழுந்தது.

விசுவநாதனுக்கு இரண்டு மகள்கள், ஒரு மகன். மகள்களைப் பெரிய இடத்தில் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மகன் செல்லப்பாவுக்கோ (நாகேஷ்) ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று ஒரு படக் கம்பெனி வைத்து, அப்பா பணத்தில் படம் எடுக்க ஆசை.

இந்தப் படத்தின் புகழ்பெற்ற காட்சியில் செல்லப்பா தன் திகில் படக் கதையைத் தந்தைக்குச் சொல்கிறான். கதை என்று அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இருட்டு, கதவு, காலடி ஓசை, காற்று. எல்லா ஓசைகளையும் நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். பேச்சு முழுவதும் அவருடையது. பாலையா நாற்காலியில் அமர்ந்து கேட்கிறார். அவ்வளவுதான் காட்சி.

கேட்கும் முகத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில், இந்தப் பயல் என்ன உளறப் போகிறான் என்ற அலட்சியம். பணம் கேட்பான் என்ற எச்சரிக்கை. பிறகு, தம்மை அறியாமல் சற்று ஆர்வம். ஓசை எழும்போது கண் ஒரு கணம் அகலும். உடனே, மகன் முன்னால் பயந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முகத்தைச் சரிசெய்துகொள்வார். அடுத்த ஓசைக்கு அந்தச் சரிசெய்தலும் முடியாமல் போகும். கடைசியில் உடலே நாற்காலிக்குள் ஒடுங்கிவிடும். கதையில் பயப்பட ஒன்றுமில்லை என்று நமக்குத் தெரிகிறது, அவர் பயப்படுகிறார், அதனால் சிரிக்கிறோம். அவர் சிறிதேனும் நம்மைப் பார்த்துக் கண்சிமிட்டியிருந்தால், தாமும் அந்த வேடிக்கையை ரசிப்பதாகக் காட்டியிருந்தால், அந்தச் சிரிப்பு பாதியாகக் குறைந்திருக்கும். அவர் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. காட்சி முழுவதும் அவர் உண்மையாகவே பயந்த ஒரு பணக்காரர்.

இதே படத்தில் தமிழாசிரியர்களுக்குப் பிடித்த ஓர் இடமும் உண்டு. எஸ்டேட்டில் வேலை பார்த்த அசோக்கை (ரவிச்சந்திரன்) விசுவநாதன் வேலையிலிருந்து நீக்குகிறார். அவன் வீட்டெதிரே கூடாரம் அடித்துப் போராடுகிறான். அவனுடைய நண்பன் வாசு (முத்துராமன்), சிதம்பரம் என்னும் பெருஞ்செல்வராக முதியவர் வேடம் போட்டுக்கொண்டு அசோக்கின் தந்தையாக வந்து இறங்குகிறான். சற்று முன்புவரை 'அவன்' 'இவன்' என்று திட்டப்பட்ட இளைஞன் கோடீசுவரரின் பிள்ளை என்று தெரிந்ததும், விசுவநாதனின் இலக்கணமே மாறுகிறது. அசோக், 'அசோகர்' ஆகிறான். 'மகன்' என்ற சொல்லின் ஈற்றிலுள்ள 'ன்'கூட அவருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றி, அது 'ர்' ஆகிவிடுகிறது.

ஒருவரை மதித்து 'அர்' விகுதி சேர்ப்பதை இலக்கணத்தில் உயர்வுப் பன்மை என்பர். முதல்வன் முதல்வர் ஆவான்; தலைவன் தலைவர் ஆவான். ஆனால் பேச்சுத் தமிழில் மகன் 'மகர்' ஆவதில்லை. பணத்தின் முன்னால் ஒரு மனிதர் எவ்வளவு தூரம் வளைவார் என்பதை ஒற்றை எழுத்தில் காட்டிவிட்ட வசனம் அது. அதைப் பாலையா நகைச்சுவையாகச் சொல்வதில்லை. குரலில் பணிவு வழிய, உண்மையிலேயே விவரம் கேட்பவர் போலக் கேட்கிறார். உயர்வுப் பன்மையை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இப்படம் 1966 இல் இந்தியில் பியார் கியே ஜா என்ற பெயரில் வந்தது. நாகேஷின் வேடத்தில் மெஹ்மூத், பாலையாவின் வேடத்தில் ஓம் பிரகாஷ். நகைச்சுவை நடிப்புக்கென்று ஃபிலிம்ஃபேர் விருது முதன்முதலாக ஏற்படுத்தப்பட்டபோது, இந்த வேடத்துக்காக அதைப் பெற்றவர் மெஹ்மூத். கதை சொன்னவருக்கு விருது; கேட்டவருக்கு அப்படியொரு பிரிவே இல்லை. விருதுக் குழுக்களின் மேல் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பதை நடிப்பு என்று எண்ணுவது எங்குமே வழக்கமில்லை.

ஏமநாத பாகவதர்

ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடல் 1965 ஜூலை இறுதியில் வெளிவந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் விறகு விற்ற படலமே பாலையா வரும் பகுதிக்கு மூலம். வடநாட்டிலிருந்து வரும் ஏமநாதன் என்னும் இசைவாணன் பாண்டிய நாட்டைச் சவாலுக்கு அழைக்கிறான். பாணபத்திரர் அவனை எதிர்த்துப் பாட வேண்டும். அஞ்சி இறைவனிடம் முறையிடுகிறார். இறைவன் விறகு விற்பவனாக வந்து, ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாட, அதைக் கேட்ட ஏமநாதன் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடுகிறான். படத்தில் சிவாஜி கணேசன் விறகுவெட்டி, பாணபத்திரர் டி. ஆர். மகாலிங்கம்.

ஏமநாத பாகவதராக வந்த பாலையாவுக்குப் பின்னணி பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. கண்ணதாசன் எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்த அந்தப் பாடலில் இராகங்களின் பெயர்கள் சொற்களோடு சொற்களாக வரும். பாட்டும் அந்தந்த இராகத்துக்கு மாறும். மேதை ஒருவரின் குரலுக்கு வாயசைப்பது சாதாரண வேலையன்று. உதடு சேர்ந்தால் மட்டும் போதாது. கமகம் வரும் இடத்தில் கழுத்தும், சங்கதி விழும் இடத்தில் கையும் அந்தக் குரலுக்குரியவையாக இருக்க வேண்டும். பாலையா இன்னொன்றையும் சேர்த்தார். பாடும்போதே அவையை ஓரக்கண்ணால் அளந்து பார்ப்பார். பாட்டில் பிழை இல்லை. பாடுபவனிடம் செருக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும் என்பதே அந்த வேடத்தின் கடினம். பாட்டு மட்டமாக இருந்தால் பாணபத்திரரின் அச்சத்துக்குப் பொருளில்லை. செருக்கு தெரியாவிட்டால் தோல்விக்குப் பொருளில்லை.

பிறகு இரவுக் காட்சி. வெளியே விறகுவெட்டி பாடுகிறான். மீண்டும் பாலையா கேட்பவர். ஆனால் முந்தைய ஆண்டு செல்லப்பாவின் கதையைக் கேட்ட முகம் வேறு, இது வேறு. இசையறிந்தவன் தன்னிலும் பெரிய இசையைக் கேட்டால் முதலில் வருவது அச்சமன்று, வியப்பு. வியப்புக்குப் பின்னரே அச்சம். பாணபத்திரர் சீடனாகக்கூட ஏற்காமல் தள்ளிவிட்டவன் இவன் என்றால் அவர் எப்படிப் பாடுவார் என்ற கணக்கு மனத்தில் ஓடும்போது முகம் வெளிறுகிறது. பகலில் அரசவையில் நிமிர்ந்து நின்றவர் இரவில் தளர்ந்து போகிறார். கொட்டகையில் சிரிப்பு எழும் இடம் இது. ஆயினும் கூர்ந்து பார்ப்பவருக்கு அந்தச் சிரிப்பினூடே சிறிது இரக்கமும் தோன்றும். ஏமநாதன் தோற்றது இறைவனிடம் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

மூன்று மருமகள்களின் மாமனார்

கே. பாலசந்தரின் பாமா விஜயம் 1967 இல் வந்தது. மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் ஆகியோர் மகன்கள். சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி மருமகள்கள். அடுத்த வீட்டுக்கு பாமா என்னும் நடிகை (ராஜஸ்ரீ) குடிவருகிறாள். அவள் முன்னால் பெருமையாகத் தெரிய வேண்டும் என்று மருமகள்கள் போட்டி போட்டுக்கொண்டு, கடனுக்கும் தவணைக்கும் பொருள் வாங்கிக் குவிக்கிறார்கள். நடுத்தரக் குடும்பங்கள் தவணை முறைக்குப் பழகத் தொடங்கிய காலம் அது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நடுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் மாமனார் எத்திராஜாகப் பாலையா நடித்தார்.

இங்கே அவர் ஏமாறுபவர் அல்லர், எல்லாம் தெரிந்தவர். மருமகள்களிடம் நேரடியாகச் சினக்க மாமனாரால் முடியாது. மகன்களிடம் சொன்னால் குடும்பம் உடையும். பேசாமலிருந்து, உரிய நேரத்தில் பாடம் புகட்டுகிறார். சிரிப்பு இளையவர்களிடம் விளைகிறது. அது எல்லை மீறாமல் வீட்டுக்குள்ளேயே நிற்பதற்கு இந்த முதியவர் காரணம்.

இந்தப் படத்தை ஜெமினி நிறுவனம் இந்தியில் தீன் பஹுரானியான் (1968) என்ற பெயரில் எடுத்தபோது, பாலையாவின் வேடத்துக்கு வந்தவர் பிருத்விராஜ் கபூர். மொகலே ஆஜம் படத்தில் அக்பராக வீற்றிருந்தவர். பாலையாவின் ஒரு வேடத்துக்கு நகைச்சுவைக்குப் பெயர்போன ஓம் பிரகாஷ், இன்னொன்றுக்குக் கம்பீரத்துக்குப் பெயர்போன பிருத்விராஜ் கபூர். அவருடைய நடிப்பின் வீச்சை அளக்க இதைவிட வேறு கோல் தேவையில்லை.

அதே ஆண்டு தீபாவளியை ஒட்டி வந்த ஊட்டி வரை உறவு, மீண்டும் ஸ்ரீதர் படம். தம் பழைய வாழ்க்கையின் இரகசியத்தை வீட்டாரிடமிருந்து மறைக்கத் திணறும் செல்வந்தராக வந்தார். வேடம் காதலிக்க நேரமில்லையின் தம்பி போன்றதுதான். புதிதாகச் சொல்ல அதிகமில்லை.

முத்துராக்குவின் தவில்

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் தில்லானா மோகனாம்பாள் (1968) என்று படமாக்கினார். சிவாஜி கணேசன் நாதசுவரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரம், பத்மினி மோகனாம்பாள். படத்தில் ஒலித்த நாதசுவரம் மதுரைச் சகோதரர்களான எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி ஆகியோருடையது. பாலையாவுக்குத் தவில் வித்துவான் முத்துராக்கு வேடம்.

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கோயிலிலோ சிதம்பரத்துத் தேரோட்டத்திலோ மேளம் வாசிப்பதை அருகிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தவில்காரரின் கண் தம் தவிலின் மேல் இராது. நாதசுவரக்காரரின் விரல்மேலும் முகத்தின்மேலும் இருக்கும். அவர் எங்கே மூச்சை எடுப்பார், எங்கே நிறுத்துவார், எங்கே தமக்கு இடம் விடுவார் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இடம் கிடைக்கும்போது முழங்க வேண்டும். கிடைக்காதபோது அடக்கி வாசிக்க வேண்டும். பாலையா இந்தப் படம் முழுவதும் செய்வது அதைத்தான். சண்முகசுந்தரம் முன்கோபி, தன்மானி. அவரைப் பேசி அமர்த்துவது, குழுவினரின் வயிற்றுப்பாட்டை நினைவூட்டுவது, காதல் விவகாரம் கண்ணில் பட்டாலும் படாதது போல இருப்பது எல்லாம் முத்துராக்குவின் பொறுப்பு. இரயில் பெட்டியில் காதலர் இருவரும் பார்வையாலேயே பேசிக்கொள்ளும் காட்சியில், சுற்றியிருப்பவர்கள் தரும் சின்னச் சின்ன முகபாவங்கள்தாம் அந்த மௌனத்தை வேடிக்கையாக்குகின்றன.

அந்தப் படத்தில் நாகேஷின் சவடால் வைத்தியும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியும் பெற்ற புகழ் முத்துராக்குவுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய வேடங்கள் தனித்து மின்னுபவை. முத்துராக்கு பக்கவாத்தியம். கச்சேரி முடிந்து வீடு திரும்புபவர்கள் பக்கவாத்தியக்காரரின் பெயரை எப்போதும் கடைசியில்தான் சொல்வார்கள்.

இறுதிக் காலமும் பிறகும்

பாலையா 22 ஜூலை 1972 அன்று, ஐம்பத்தெட்டாம் வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது மறைந்தார். திரையில் முதியவராகவே பார்த்துப் பழகியதால் அவரை எழுபது, எண்பது வயதுக்காரராக எண்ணுபவர்கள் பலர். காதலிக்க நேரமில்லை வந்தபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

அவருடைய மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் 1970களின் நடுவிலிருந்து திரையில் நடித்தார். அரசுப் பள்ளி ஒன்றைக் களமாகக் கொண்ட சாட்டை (2012) படத்தில் அவர் ஏற்ற தலைமையாசிரியர் வேடத்தை ஆசிரியர்கள் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தந்தையின் முகச்சாயலும் குரலின் இழுவையும் அவரிடம் இருந்தன. அவர் 2023 நவம்பரில் காலமானார்.

பாலையாவின் படங்கள் இன்று பெரும்பாலும் துண்டுகளாகவே பார்க்கப்படுகின்றன. திகில் கதைக் காட்சி கைப்பேசிகளில் ஐந்து நிமிடத் துணுக்காகச் சுற்றிவருகிறது. அதில் நாகேஷின் ஓசைகள் முழுவதும் கிடைத்துவிடும். பாலையாவின் பயம் மட்டும் முழுவதும் கிடைக்காது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் விசுவநாதன் யாரையெல்லாம் அதட்டினார், எவ்வளவு நிமிர்ந்து நடந்தார் என்பதைப் பார்த்தவருக்கே, அவர் நாற்காலிக்குள் ஒடுங்குவது எத்தனை பெரிய இறக்கம் என்பது புரியும். படத்தை முதலிலிருந்து பார்க்க நேரமுள்ள மாணவர்கள், பார்த்து முடித்தபின் அந்தக் காட்சியை மட்டும் ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். அப்போது கண் தானாகவே நாகேஷை விட்டு நாற்காலியின் பக்கம் போகும்.